பதினோரு சலானும் ஒற்றைச் செருப்பும்

டாக்டர் பெனிஸ்டன் மற்றவர்களின் வாயைத் திறக்க வைத்துப் பிழைக்கிறவர். அன்று மதியம் இரண்டு மணிக்குத் தன்னுடைய வாயைத் திறந்தார். முக்கால் மணி நேரம் ஆகியும் மூடவில்லை.

பேச்சின் பொருள் சாலை ஒழுக்கம். இந்தக் காலத்து டிரைவர்களுக்குப் பயம் கிடையாது, பக்தி கிடையாது, பிரேக் எந்தக் காலுக்கு என்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட ஒருத்தனை ஏழு வருஷமாக வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டதற்குத் தனக்குக் கிடைத்த பரிசு பதினோரு அபராதச் சலான். இதை அவர் தமிழில் ஒரு தடவையும் இங்கிலீஷில் இரண்டு தடவையும் சொன்னார். ஜெபினுக்கு உட்கார வேறு இடமில்லை. பல் பிடுங்கும் நாற்காலியில் மல்லாந்து கிடந்தான், தலைக்கு மேல் விளக்கு வேறு எரிந்தது. ஒரு கேள்வி கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் பழக்க தோஷத்தில் டாக்டர் ஊசியை எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

கேள்வி கேட்க வேண்டியவள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். சண்முகவடிவு. பதினாறு வருஷம் இடிபட்ட கார்களைப் பார்த்து எவன் பொய் சொல்கிறான் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்தவள். இப்போது மக்ரூன் இனிப்புக் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். ஜெபின் அவளுக்கு உதவியாளன். அதற்கு முன் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தான். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் பாலிசி விற்று முடித்தபோது அவனுக்குச் சொந்தக்காரர்களே இல்லாமல் போனார்கள். முப்பத்தாறு வயதில் அவனை வீட்டுக்குள் விடுகிற ஒரே ஆள் வடிவக்காதான், அதுவும் ஆபீஸ் நேரத்தில் மட்டும்.

விஷயம் இதுதான். டாக்டர் வீட்டு வெள்ளைக் கார் அவர் மனைவி ஷீஜாவின் பேரில் இருக்கிறது. ஐந்து வருஷமாக ஒரு கீறலுக்குக்கூடப் பணம் கேட்காத வண்டி என்பதால் தென்கரை ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்குப் பாதி தள்ளுபடி கொடுத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் புதுப்பிக்கப் போனபோது கொஞ்சல் நின்றுவிட்டது. அந்தக் கம்பெனியில் நல்லோட்டத் திட்டம் என்று ஒன்று உண்டு. ஒழுங்காக ஓட்டினால் பிரீமியம் குறையும், கேமராவில் சிக்கிக்கொண்டே இருந்தால் ஏறும். குறையும் என்கிற வரியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது உலக வழக்கம். பதினோரு சலானைக் கண்ட கம்பெனி இருபத்தோராயிரத்தை நாற்பத்து மூவாயிரமாக்கிக் கடிதம் அனுப்பியது.

டாக்டர் பதில் அனுப்பினார். தப்பு முழுவதும் டிரைவர் சுடலைராஜுடையது, அவனை வேலையை விட்டு அனுப்புகிறோம், ஆகவே பழைய தொகைக்கே புதுப்பிக்கவும். பதினோரு தடவையும் ஓட்டியது நானே என்று சுடலைராஜ் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றும் கூடவே போனது. கம்பெனி விதியில் அதற்கு இடம் இருந்தது. ஆனால் அடுத்த வரியில், ஒத்துக்கொண்டவர் பெயரைப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. ஒரே வருஷத்தில் பதினோரு குற்றம் என்றால் லைசென்ஸைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். அனுப்பும் முன் ஒரு தடவை விசாரித்துவிடலாம் என்று கம்பெனிக்காரர்கள் வடிவக்காவிடம் ஃபைலைக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அறிக்கை போக வேண்டும்.

"சரி டாக்டர்" என்றாள் வடிவக்கா. "உங்க வலது கால்ல என்ன?"

டாக்டர் குனிந்து பார்த்தார், யாரோ தெரியாத ஆளுடைய காலைப் பார்ப்பதுபோல. இடது காலில் முகம் பார்க்கலாம் போன்ற கறுப்பு ஷூ. வலது காலில் நீல நிற ரப்பர் செருப்பு.

பதில் மாடியிலிருந்து வந்தது. மேலே வீடு, கீழே கிளினிக். ஷீஜா டீத் தட்டோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள், எதையும் தேதியோடு சொல்லித்தான் பழக்கம். கணவருக்கு யூரிக் ஆசிட் என்றாள். பெருவிரல் வீங்கி ஷூவுக்குள் நுழைவதில்லை. போன டிசம்பரிலிருந்து நண்டு, இறால், கணவாய் எல்லாம் வீட்டுக்குள் வருவதே கிடையாது, சுரைக்காய்தான். பாவம், மனுஷர் கிளினிக்கை மூடிய கையோடு தினமும் காரில் ரோச் பூங்காவுக்குப் போய் ஒரு மணி நேரம் அந்தக் காலோடு நடந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். அப்படியும் குறையவில்லை. மே மாதம் எடுத்த டெஸ்டில் மட்டும் நன்றாக இறங்கியிருந்தது, பிறகு பழையபடி ஏறிவிட்டது.

சுரைக்காய் என்ற சொல்லைக் கேட்டதும் ஜெபினுக்கு டாக்டர் மேல் உண்மையிலேயே இரக்கம் வந்தது.

"டிரைவர் எப்படி மேடம்?" என்று வடிவக்கா கேட்டாள்.

ஷீஜா கணவரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "என்னால நம்ப முடியலை. மே மாசம் கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போனான். அவ்வளவு வளைவுலயும் என் பொண்ணு ஒரு தடவைகூட வாந்தி எடுக்கலை."

டாக்டர் டீயைக் குடித்துவிட்டு, மலையில் ஆட்டுக்குட்டியாக இருப்பவன் ஊரில் சிங்கமாகிவிடுகிறான் என்று விளக்கம் கொடுத்தார்.

* * *

சிங்கம் பின்பக்கம் ஷெட்டில் கார் துடைத்துக்கொண்டிருந்தது. ஏரல் பக்கத்தில் ஆற்றுப் பாசனக் கிராமத்து ஆள், முப்பத்து நான்கு வயது, துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கிற சுபாவம். ஜெபினின் ஸ்கூட்டர் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நகர்த்தித் தரச் சொன்னதும் சுடலைராஜ் உள்ளே ஏறினான். சீட்டைச் சரி செய்தான். பெல்ட்டை இழுத்து மாட்டினான். மூன்று கண்ணாடியையும் பார்த்தான். வண்டியைப் பத்தடி முன்னால் நகர்த்தி நிறுத்தினான்.

"பத்தடிக்கு பெல்ட்டா?" என்றான் ஜெபின். "அண்ணாச்சி, இந்த ஊர்ல சென்னைக்குப் போறவனே பெல்ட்டு போட மாட்டான்."

சுடலைராஜ் சிரிக்கவில்லை. பதினோரு தடவையும் ஓட்டியது நீயா என்று வடிவக்கா கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றான். அந்தப் பதினொன்றில் மூன்று பெல்ட் போடாததற்காக விழுந்தவை என்று அக்கா சொன்னபோதும் ஆமாம் என்றான். ஏன் அவ்வளவு வேகம் என்றதும் துணியை எடுத்துக் கதவைத் துடைக்க ஆரம்பித்தான்.

அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்ட ஆள் எடுத்திருக்கிறார்கள். அவன் ஹெவி லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் காத்திருந்த வேலை. வருகிற திங்கள்கிழமை சேர வேண்டும், அன்று காலை லைசென்ஸைச் சரிபார்ப்பார்கள். இங்கே சம்பளம் பதினான்காயிரம், அங்கே முப்பது. அவன் மனைவி சுடலைச்செல்வி ஏரல் வாடகை வீட்டை விட்டுவிட்டுத் துறைமுகம் பக்கம் வீடு பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துதுனு வாசிச்சியா?" என்றாள் வடிவக்கா.

"இங்கிலீஷ்ல இருந்துதுக்கா. இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஒரு சம்பிரதாயம், ஒனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரு சொன்னாவ. நீ எப்படியும் போறவன்தானேன்னாவ."

"அந்தத் தாளு நாளைக்கு ஆர்டிஓ ஆபீசுக்குப் போவுது. திங்கக்கெழம ஒன் லைசென்ஸ் செல்லாது."

துடைக்கிற துணி நின்றது. அவன் அதை நாலாக மடித்தான், பிறகு எட்டாக மடித்தான். இனி மடிக்க முடியாது என்று ஆனதும் சொன்னான்.

"நாலு வருஷத்துக்கு முன்னால செல்விக்குப் பல்லுல சீழ் கட்டி மொகமே வீங்கிட்டு. ஞாயித்துக்கெழம. எந்த ஆசுபத்திரியும் கெடைக்கல. டாக்டரு கோயிலுக்குக் கெளம்பினவரு, பாதியில எறங்கி வந்து கிளினிக்கத் தொறந்தாரு. ஒரு பைசா வாங்கல. அவரு நீட்டுன தாள நான் எப்படிக்கா வாசிக்க வேணும்னு கேக்க?"

மடித்த துணியை விரித்து மறுபடி துடைக்கப் போனான். ஓட்டியது நானில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்ல மாட்டான். ஜெபினுக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

* * *

மூன்று மணிக்குத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து சலான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். எல்லாம் ஒரே இடம், பீச் ரோட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற கேமரா. எல்லாம் ஒரே நேரம், மாலை ஏழே முக்காலை ஒட்டி. வேகம் தொண்ணூறு, தொண்ணூற்று நான்கு, ஒரு தடவை நூற்றிரண்டு. கண்ணாடியின் மேல் பாதியில் விளக்கு வெளிச்சம் அடித்ததால் ஓட்டியவன் முகம் ஒரு படத்திலும் தெரியவில்லை.

"அப்பாவிதான்க்கா" என்றான் ஜெபின். "ஆனா அப்பாவினு அறிக்கையில எழுத ஒரு கட்டம் கெடையாது. அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். நாம என்ன, 'குற்றவாளி பெல்ட் போடுற அழகைப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை'னு எழுதவா?"

"தேதியப் படிலே."

ஜெபின் படித்தான். ஜனவரியில் இரண்டு, பிப்ரவரியில் இரண்டு, மார்ச்சில் இரண்டு, ஏப்ரல் பதினொன்றில் ஒன்று. அடுத்தது ஜூன் பதினேழு, ஜூன் இருபத்து நான்கு. பிறகு ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. ஒன்றுகூட ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"ஏப்ரல் பாதியிலேருந்து ஜூன் பாதி வரைக்கும் மனுசன் திருந்தியிருக்கான்" என்றான். "பள்ளிக்கூட லீவு போல. குற்றவாளிக்கும் ஓய்வு வேணும்லா."

"நீ எந்த ஊரு?"

"என்னக்கா புதுசாக் கேக்கிய. புன்னைக்காயல்."

"ஒங்க மாமா என்ன வேலை பாக்காரு?"

"இங்கனதான், விசைப்படகுல..." என்று ஆரம்பித்தவன் டீயைக் கீழே வைத்தான். ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினான்கு வரைக்கும் அறுபத்தோரு நாள் மாமா வீட்டில் உட்கார்ந்து அத்தையின் உயிரை எடுப்பார், மீன்பிடி தடைக்காலம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், கடலுக்குப் போக மாட்டார். மற்ற நாளெல்லாம் விடிகாலையில் போன படகு இரவு எட்டு மணியை ஒட்டிக் கரை திரும்பும்.

காரை விரட்டியவன் படகின் நாள்காட்டியைப் பார்த்து விரட்டியிருக்கிறான். கடற்கரையில் பிறந்து வளர்ந்த தனக்கு இது தோன்றாமல், மேட்டுக்குடியிருப்பில் கத்தரிக்காய் பார்த்து வளர்ந்த அக்காவுக்குத் தோன்றியதில் ஜெபினுக்குக் கொஞ்சம் மானம் போனது. அதை மறைக்க, டீக்காசை அவனே கொடுத்தான். வடிவக்காவுக்கு மயக்கம் வராத குறை.

* * *

பகல் மூன்றரைக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஈக்களுக்கே வேலை கிடையாது. படகெல்லாம் கடலில் இருந்தன. வலைப் பொதிகளின் ஓரமாக ஒரே ஒரு சோற்றுக்கடை மட்டும் திறந்திருந்தது. கடைக்காரி அமலோற்பவத்துக்கு ஐம்பது தாண்டிய வயது. இடது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வலது கையால் சோறு போட்டாள். ஜெபின் மூன்றாவது கரண்டிக் குழம்புக்குப் பிறகுதான் கடமை ஞாபகம் வந்து செல்போனில் காரின் படத்தைக் காட்டினான்.

"இந்தக் காரு இந்தப் பக்கம் வருமாக்கா?"

"வாராம? சுடலைராஜ் அண்ணாச்சி காருல்லா இது."

ஜெபினின் வாய்க்குப் போன கவளம் பாதி வழியில் நின்றது. யார் என்று மறுபடி கேட்டான். அவள் இன்னும் தெளிவாகச் சொன்னாள். ஒரு பல் டாக்டர் வீட்டு டிரைவர், பேர் சுடலைராஜ், அவரே சொன்னதுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வருவார். மூன்று நண்டு, ஒரு தட்டு கணவாய், சோறு தொட மாட்டார். எட்டு மணிக்குப் படகுக்காரர்கள் இறங்கிவிட்டால் சட்டியில் ஒரு நண்டுக்கால்கூட மிஞ்சாது, அதனால் அதற்கு முன்னால் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். தடைக்காலத்தில் வரமாட்டார், ஏனென்றால் தடைக்காலத்தில் அவள் கடையைப் பூட்டிவிட்டு வேம்பாரில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள்.

முடிந்தது கதை. தேதி பொருந்துகிறது, நேரம் பொருந்துகிறது, பெயரும் பொருந்துகிறது. மூன்று நண்டுக்காக நூற்றிரண்டில் பறந்துவிட்டு, ஷெட்டில் பத்தடிக்கு பெல்ட் மாட்டி நாடகம் ஆடியிருக்கிறான். பெண்டாட்டி பல்லைச் சொல்லிக் கண்கலங்க வேறு வைத்துவிட்டான். ஜெபின் இலையை மூடினான். வயிறு நிறைந்திருந்தும் என்னவோபோல் இருந்தது. ஏமாந்த கோபம் பாதி, அந்த ஆள் மேல் வைத்த பிரியம் வீணாய்ப் போன வருத்தம் பாதி.

வடிவக்கா நிதானமாக ரசம் ஊற்றிக்கொண்டாள்.

"பல்லு ரொம்ப வலிக்காக்கா?" என்று கடைக்காரியைக் கேட்டாள்.

"உயிரு போவுது தாயி. சுடலைராஜ் அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாரு. நான் ஒண்ணும் கேக்கல, பேசிட்டிருக்கும்போதே வாயையே பாத்துட்டிருந்தாரு. பொறவு செல்போன் டார்ச்ச அடிச்சிப் பாத்துட்டு, கீழ் எடது பக்கம் கடவாயில ரெண்டாவது, நரம்பு வரைக்கும் போயிட்டு, பிடுங்கிராதீய, ரூட் கெனால் பண்ணுனா பல்லு நிக்கும்னாரு. ஒரு மாத்திரை பேரும் எழுதித் தந்தாரு. எழுத்துதான் ஒண்ணும் வெளங்கல."

மூடிய இலையை ஜெபின் மெதுவாகத் திறந்தான்.

"டிரைவருக்கு எவ்வளவு வெவரம் பாத்தியளா" என்றான், குரலை அடக்கிக்கொண்டு. "நடக்கும்போது நொண்டுவாரோ?"

"பாவம், வலது காலு. ஒத்தைச் செருப்புதான் போட்டு வருவாரு."

ஏழு வருஷம் உழைத்தவனின் பெயரைச் சும்மா கிடக்கிற துண்டு மாதிரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த மனுஷர் நண்டு தின்றிருக்கிறார். வீட்டில் சுரைக்காய்க்குப் பயந்து பெயரை மாற்றியது வேடிக்கைதான். பிரீமியத்துக்குப் பயந்து அதே பெயரில் பதினோரு குற்றத்தையும் ஏற்றியதில் வேடிக்கை இல்லை. ஜெபினுக்கு வந்த கோபத்தில் ஒரு கிண்டல்கூட அகப்படவில்லை.

"கடையைக் கொஞ்சம் சாத்திட்டு வாங்கக்கா" என்று வடிவக்கா எழுந்து கை கழுவினாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு பல் டாக்டர் இருக்காரு. நல்ல கைராசி. காசு வாங்க மாட்டாரு, நான் பேசிக்கிடுதேன்."

* * *

நாலே கால். கிளினிக்கில் ஷீஜாவும் சுடலைராஜும் வடிவக்கா கேட்டுக்கொண்டபடி வந்து நின்றார்கள். அறிக்கை வாசிப்பதற்கு முன்னால் அவசரமாக ஒரு நோயாளி, பார்த்துவிடுங்கள் டாக்டர் என்றாள் அக்கா. ஜெபின் அமலோற்பவத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

டாக்டர் மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றினார். அது போதாதென்று கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியையும் மாட்டினார். தலையில் பச்சைத் தொப்பி போட்டார். பல் பார்ப்பதற்கு இவ்வளவு ஆயத்தமா என்று ஷீஜாவே புருவத்தை உயர்த்தினாள். அமலோற்பவம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி, மாதாவை வேண்டிக்கொண்டு வாயைத் திறந்தாள். டாக்டர் ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடிக் கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார். பேசாமல் தப்பித்துவிடுவார்போல இருந்தது.

"டாக்டர் ஐயா" என்றாள் அமலோற்பவம், வாயிலிருந்து கம்பியை எடுத்ததும். "என்னால தாங்க முடியல. பேசாம பிடுங்கிருங்க."

இருபத்திரண்டு வருஷம் பல்லோடு வாழ்ந்தவரால் அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை.

"பிடுங்கக் கூடாதுனு எத்தனை தடவை சொல்லுதது ஒங்களுக்கு!" என்றார் டாக்டர். "மாத்திரையாவது ஒழுங்கா வாங்கிப் போட்டியளா?"

அமலோற்பவம் கண்ணைத் திறந்தாள். பச்சைத் தொப்பியைப் பார்த்தாள். மாஸ்க்கைப் பார்த்தாள். எட்டிக் குனிந்து நீலச் செருப்பைப் பார்த்தாள். வலியிலும் அவள் முகம் மலர்ந்தது.

"ஏ, சுடலைராஜ் அண்ணாச்சி! நீங்க இங்கனயா வேலைக்குச் சேந்துட்டிய?"

டாக்டர் கண்ணாடிக் கம்பியைத் தட்டில் வைத்தார். உண்மையான சுடலைராஜ் மெதுவாக நிமிர்ந்தான். தன் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவன்போல டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். அமலோற்பவம் அறியாத்தனமாக, டிரைவர் வேலையை விட இது நல்ல உத்தியோகம்தான் என்று வாழ்த்தினாள். ராத்திரிக்கு நண்டு எடுத்து வைக்கவா, இன்றைக்கு முட்டை நண்டு வரும் என்று படகிலிருந்து போன் வந்தது என்றாள்.

ஷீஜா கத்தவில்லை. கத்தியிருந்தால் டாக்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒரு மணி நேரம் நடந்துட்டு வரீங்கனு நான் தினமும் வெந்நீர் போட்டு வச்சேன்" என்றாள். "அந்தக் கால்லதான் நூத்திரண்டுல ஓட்டுனீங்களா? நம்ம பொண்ணு போற கார்ல?"

டாக்டர் மாஸ்க்கை இறக்கினார். தொப்பி தலையிலேயே இருந்தது. சுடலை எப்படியும் வேலையை விட்டுப் போகிறவன், அவனுக்கு இது வெறும் காகிதம்தானே என்று நினைத்தேன் என்றார். இருபத்திரண்டாயிரம் மிச்சம் என்றார். அவனுக்கு ஒரு நஷ்டமும் வராது என்று நம்பினேன் என்றார். கடைசியில் சொன்னதை அவரே நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

"அந்தக் காகிதம் ஆர்டிஓ ஆபீசுக்குப் போயிருந்தா திங்கக்கெழம அவனுக்கு வேலை கிடையாது டாக்டர்" என்றாள் வடிவக்கா. "செல்வி பல்லைக் காப்பாத்திக் குடுத்திய. அந்தக் கடனை அவன் சோத்துலயா வாங்குவிய?"

டாக்டர் உட்காரப் பார்த்தார். இருந்த ஒரே நாற்காலியில் அமலோற்பவம் இருந்தாள். வீங்கிய விரலோடு அவர் நின்றார். இவ்வளவுக்கும் நடுவில், அப்படியென்றால் பிரீமியம் என்னாகும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

நாற்பத்து மூவாயிரம் அப்படியே நிற்கும் என்றாள் வடிவக்கா. ஆர்டிஓ ஆபீசுக்குப் போகிற தாளில் இவர் பெயர் இருக்கும், பறிபோகிற லைசென்ஸும் இவருடையதாக இருக்கும். பொய்த் தாளை வைத்துக் குறைத்து வாங்கியிருந்தால், நாளைக்கு எங்கேயாவது இடித்துவிட்டு வந்து நின்றபோது கம்பெனி ஒரு பைசா தந்திருக்காது, அந்த வகையில் லாபம்தான் என்று ஆறுதலும் சொன்னாள். ஷீஜா, இனி காரை யார் ஓட்டலாம் என்கிற பட்டியலில் கணவர் பெயரை அடித்துவிடச் சொன்னாள். தொகையை நானே கட்டுகிறேன், ஒரு வருஷம் இவர் பூங்காவுக்கு நிஜமாகவே நடந்து போகட்டும் என்றாள்.

மணி நாலே முக்கால். பழைய வாக்குமூலத்தை ரத்து செய்ய சுடலைராஜின் கையெழுத்து வேண்டும். வடிவக்கா தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி நீட்டினாள். கூரியர்க்காரன் ஐந்துக்குக் கடையைப் பூட்டிவிடுவான் என்று ஜெபின் பேனாவைத் திறந்தே வைத்திருந்தான். டாக்டரும் பழக்க தோஷத்தில் விரலை நீட்டி, "கீழே, அங்கன போடுப்பா" என்றார்.

சுடலைராஜ் பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான்.

"வாசிச்சிட்டுப் போடுதேன் டாக்டர்."

முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தான். தன் பெயர் வந்த இடத்தில் நின்று இன்னொரு தடவை வாசித்தான். பக்கத்தைத் திருப்பிப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தான். ஜெபின் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. அவன் வாசித்து முடிக்கிற வரைக்கும் டாக்டர் நின்றுகொண்டே இருந்தார்.